அண்ணன் போட்ட வழக்குகள்

என் பெரியப்பா மகன் இனி எந்த நீதிமன்றத்திலும் ஒரு தாள்கூடத் தாக்கல் செய்யக் கூடாது, செய்ய முடியாதபடி ஒரு நீதிபதி உத்தரவு போட வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். அம்மா இறந்து, வாரிசு என்ற முறையில் என் பெயர் பிரதிவாதியாக வழக்கில் ஏறிய காலம் அது. அப்படி உத்தரவு போடத் தமிழ்நாட்டில் ஒரு சட்டமே இருக்கிறது என்று தெரிந்ததும் எனக்குப் பெரிய ஆறுதல் கிடைத்தது. அந்த ஆறுதலுக்குள் பழி தீர்க்கும் எண்ணமும் இருந்தது.

தகராறு ஒரு மனைக்காக. முடிச்சூரில் ஒன்றரை கிரவுண்டு. மேற்குத் தாம்பரத்தைத் தாண்டினால் வயலும் ஏரிக்கரையும்தான் என்றிருந்த நாளில், குரோம்பேட்டையில் வேலை பார்த்த அப்பா அதை அம்மா பெயரில் வாங்கிப் போட்டார். வேலிகூடப் போடவில்லை. பிறகு வண்டலூரிலிருந்து மீஞ்சூர் நோக்கி வெளிவட்டச் சாலை வரப்போகிறது என்ற பேச்சு வந்தது, சாலையும் வந்தது. பெருங்களத்தூர், முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் ஊராக மாறின. சாலைப் பேச்சு வந்த காலத்திலேயே அண்ணனின் முதல் வழக்கும் வந்துவிட்டது. கிராமத்துக் கூட்டுக் குடும்ப நெல் பணத்தில் வாங்கிய மனை, ஆகவே தனக்கும் பாகம் உண்டு என்பது அவருடைய வாதம்.

முதல் நீதிமன்றத்தில் அம்மா தோற்றார். மனைக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று காட்ட எங்களிடம் அப்போது ஒரு காகிதமும் இல்லை. அண்ணன் தரப்பில் கிராமத்தில் நெல் விற்ற கணக்கு இருந்தது. இருந்த சான்றை வைத்து நீதிபதி பாகம் கொடுத்தார். அம்மா செங்கல்பட்டு சார்பு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தார். அது நடந்துகொண்டிருந்தபோதுதான் அப்பா பி.எஃப். முன்பணம் வாங்கியதற்கான கடிதம் அத்தை வீட்டுப் பழைய பெட்டியில் அகப்பட்டது. மேல்முறையீட்டில் புதுச் சான்றை ஏற்க சி.பி.சி. என்கிற உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 41ஆம் கட்டளை, 27ஆம் விதி இடம் தருகிறது, ஆனால் தகுந்த காரணம் காட்ட வேண்டும். காட்டினோம். கடிதம் சான்றாவணமாகக் குறிக்கப்பட்டது, கீழ்த் தீர்ப்பு ரத்தானது. அண்ணன் உயர் நீதிமன்றத்துக்கு இரண்டாம் மேல்முறையீட்டில் போனார். முக்கியமான சட்டப் பிரச்சினை எதுவும் எழவில்லை என்று அங்கே தள்ளுபடி ஆயிற்று.

அதோடு விட்டது என்று நம்பினோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் மூழ்கியது. தண்ணீர் வடிந்தபோது மனையின் எல்லைக்கல்லைக் காணவில்லை. அடுத்த சில மாதங்களில் அண்ணி பெயரில் ஒரு தாவா. பக்கத்து மனை தங்களுடையது, நாங்கள் எல்லை தாண்டி வருகிறோம், நிரந்தர உறுத்துக்கட்டளை வேண்டும் என்று. அது தள்ளுபடியாகி அதன் மேல்முறையீடும் முடிந்த பிறகு அவர்கள் மகன் பெயரில் இன்னொன்று. அது பூர்வீகச் சொத்து, பிறப்பால் எனக்குப் பங்கு உண்டு, அப்பாவுக்கு எதிராக வந்த தீர்ப்பு என்னைக் கட்டுப்படுத்தாது என்றது அந்தப் பிராது. இடையிடையே தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு, சாட்சியைத் திரும்ப அழைக்க மனு, சீராய்வு மனு. அந்த மனையில் இரண்டு அறையாவது கட்டிக் குடிபோக வேண்டும் என்பது அம்மாவின் எண்ணம். வீட்டுக் கடனுக்குப் போன இடத்திலெல்லாம் வங்கியின் சட்ட ஆலோசகர் முதலில் கேட்டது வழக்கு நிலுவையில் இருக்கிறதா என்பதுதான். அம்மா வாடகை வீட்டிலேயே போய்ச் சேர்ந்தார்.

காரியம் முடிந்த பிறகு நான் உட்கார்ந்து ஒரு பட்டியல் எழுதினேன். பிராது, இடைக்கால மனு, மேல்முறையீடு, இரண்டாம் மேல்முறையீடு, சீராய்வு என்று அந்தக் குடும்பம் தாக்கல் செய்த ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. பள்ளியில் மதிப்பெண் பட்டியல் எழுதிப் பழகிய கை, கோடு போட்டு அழகாக எழுதியது. இரண்டு பக்கத்துக்கு மேல் போயிற்று. தாம்பரத்தில் தொழில் செய்யும் எங்கள் வக்கீலம்மாவிடம் அதைக் கொடுத்து, 1949ஆம் வருடத்துச் சட்டப்படி இவரை நிறுத்த வேண்டும் என்றேன்.

அவர் பேனாவை எடுத்து வரி வரியாக அடித்துக்கொண்டே வந்தார். முடிவில் மூன்று வரிதான் நின்றது. மூன்று பிராதுகள்.

“மத்ததெல்லாம் இந்த மூணுக்குள்ள அடக்கம், டீச்சர். அப்பீலைத் தனி வழக்குன்னு எண்ண முடியாது.”

“அப்பீல் போட்டே இத்தனை வருஷம் இழுத்திருக்காரே, மேடம்?”

“சரி, அப்பீலையும் எண்ணுவோம். அப்போ உங்க அம்மா செங்கல்பட்டுல போட்டதை யார் கணக்குல எழுதறது?”

எனக்குப் பதில் வரவில்லை. சட்ட நகலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அந்தக் கேள்வி என்னை நெடுநாள் விடவில்லை.

தொல்லை வழக்குத் தடுப்புச் சட்டம் என்று அதைச் சொல்லலாம். சென்னை மாகாணத்தில் 1949இல் இயற்றப்பட்டது, இன்றும் தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ளது. மிகச் சிறிய சட்டம், நிதானமாகப் படித்தாலும் ஐந்து நிமிடம் ஆகாது. நியாயமான காரணம் இல்லாமல், வழக்கமாகவே தொல்லை வழக்குகளைத் தொடுக்கிறவர் என்று ஒருவரைப் பற்றி உயர் நீதிமன்றம் முடிவுக்கு வந்தால், அவர் தரப்பையும் கேட்டுவிட்டு, இனி முன் அனுமதி இல்லாமல் சிவில், கிரிமினல் நடவடிக்கை எதையும் தொடுக்கக் கூடாது என்று உத்தரவிடலாம். முகாந்திரம் இருப்பதாகத் தெரிந்தால் மட்டுமே அந்த அனுமதி கிடைக்கும். அனுமதி இல்லாமல் போட்டால் தள்ளுபடி. உத்தரவு அரசிதழில் வெளியாகும்.

சென்னை நகரத்து நீதிமன்றங்களுக்கு உயர் நீதிமன்றம் அனுமதி தர வேண்டும், மற்ற இடங்களுக்கு மாவட்ட நீதிபதி. தாம்பரம் 2021இல் மாநகராட்சி ஆகிவிட்டது, வெளியூரில் கேட்டால் நாங்களும் சென்னை என்றுதான் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் இந்த விஷயத்தில் எங்களுக்குச் செங்கல்பட்டு மாவட்ட நீதிபதிதான். அதைவிட முக்கியமான ஒன்றும் அதில் இருந்தது. இந்த உத்தரவைக் கேட்டு என்னைப் போன்ற ஒரு பிரதிவாதி மனுப் போட முடியாது. அரசின் தலைமை வழக்கறிஞராகிய அட்வகேட் ஜெனரல்தான் போட வேண்டும். ஒருவருக்கு நீதிமன்றக் கதவை அடைக்கும் அதிகாரத்தை அவருடைய எதிராளியின் கோபத்திடம் ஒப்படைக்கக் கூடாது என்று அன்று சட்டம் எழுதியவர்கள் எண்ணியிருக்க வேண்டும். என் பட்டியலை எழுதியதும் அந்தக் கோபம்தான். அவர்கள் செய்தது சரி என்றே இப்போது நினைக்கிறேன்.

அந்தச் சட்டம் செல்லுமா என்ற கேள்வியும் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. பிரபாகர் ராவ் மாவ்லே என்பவர் ஆந்திர அரசுக்கு எதிராக நடத்திய வழக்கில் 1965இல் தீர்ப்பு வந்தது. நியாயமான காரணமின்றி எத்தனை வழக்கு வேண்டுமானாலும் தொடுக்கும் சுதந்திரம் யாருக்கும் இல்லை, பொது நன்மைக்காகவே இந்தக் கட்டுப்பாடு, சட்டம் செல்லும் என்றது நீதிமன்றம். ஆனாலும் மாவ்லேவே ஜெயித்தார். சென்னையின் இந்தச் சட்டம் தெலங்கானா பகுதிக்கு முறைப்படி நீட்டிக்கப்படவில்லை, ஆகவே அங்கே அவர் மீது போட்ட உத்தரவு நிற்காது என்று ஆகிவிட்டது. தொல்லை வழக்காளி என்று முத்திரை குத்தப்பட்டவர், மேலே போய் அந்த முத்திரையையே நீக்கிக்கொண்டு வந்தார். மேலே போகிற வழியும் அவருக்கு அடைக்கப்பட்டிருந்தால் அது நடந்திருக்காது.

இனி என் கேள்விக்கு வருகிறேன். நடவடிக்கை தொடுப்பது என்று 1949ஆம் வருடத்துச் சட்டம் சொல்கிறதே, அதில் மேல்முறையீடு சேருமா? சட்டத்தில் மேல்முறையீடு என்ற பேச்சே இல்லை. சேரும் என்றும் எழுதவில்லை, சேராது என்றும் எழுதவில்லை. அதனால் பக்கத்துச் சட்டங்களையும் தீர்ப்புகளையும் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும்.

அதற்கு உதவும் வழக்கு ஒன்று அதே 1949இல்தான் தொடங்கியது. அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த பாபட்லாவின் சார்பு நீதிமன்றத்தில் தாக்கலான தாவா அது, மதிப்பு 11,400 ரூபாய். அன்றைய கூட்டாட்சி நீதிமன்றம் வரை மேல்முறையீடு செய்ய 10,000 ரூபாய் மதிப்பு இருந்தால் போதும். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே அரசமைப்புச் சட்டம் வந்து, உச்ச நீதிமன்றத்துக்கு 20,000 என்று ஆகிவிட்டது. இனி மேலே போக முடியாது என்று ஆந்திர உயர் நீதிமன்றம் சொன்னது. 1957இல் கரிகபாடி வீரய்யா வழக்கு என்று பெயர்பெற்ற தீர்ப்பில் தலைமை நீதிபதி எஸ்.ஆர்.தாஸ் தலைமையிலான பெரும்பான்மை அதை ஏற்கவில்லை. தாவா, மேல்முறையீடு, இரண்டாம் மேல்முறையீடு எல்லாம் ஒரே சட்ட நடவடிக்கையின் அடுத்தடுத்த கட்டங்கள், தாவா போட்ட அன்றைக்கே மேல்முறையீட்டு உரிமையும் கட்சிக்காரர்களிடம் வந்து சேர்ந்துவிடுகிறது என்பது அதன் சாரம். வக்கீலம்மாவின் பேனாவுக்குப் பின்னால் இருந்தது இந்தத் தீர்ப்புதான். மூன்று பிராது என்றால் மூன்று நடவடிக்கை. அவை எத்தனை நீதிமன்றம் ஏறி இறங்கினாலும் மூன்றுதான்.

இதைவிடத் தெளிவான ஓர் இடம் சி.பி.சி.யிலேயே இருக்கிறது, 35ஏ பிரிவில். பொய்யென்று தெரிந்தே, தொல்லை கொடுக்கவே ஒருவர் உரிமை கோரினால் எதிராளிக்கு ஈட்டுச் செலவுத் தொகை கொடுக்க வைக்கும் பிரிவு அது. உச்சவரம்பு 3,000 ரூபாய். ஒரு நாள் வாய்தாவுக்கு ஆகிற செலவையும் இழக்கிற சம்பளத்தையும் பார்த்தவர்களுக்கு இந்தத் தொகை எவ்வளவு அற்பம் என்று தெரியும். அதை உயர்த்தாமல் வைத்திருப்பது பெரிய அநியாயம். அது நிற்க. அந்தப் பிரிவு எந்தெந்த நடவடிக்கைக்குப் பொருந்தும் என்று சொல்லும்போது, தாவாவையும் நிறைவேற்று நடவடிக்கையையும் சேர்த்துக்கொண்டு, மேல்முறையீட்டையும் சீராய்வையும் நீங்கலாக வைத்திருக்கிறது. தொல்லை வழக்கை எடைபோடும் இடத்திலேயே மேல்முறையீட்டைத் தள்ளி வைத்துவிட்டார்கள் என்றால், அது யோசித்துச் செய்ததாகத்தான் இருக்க வேண்டும்.

இதற்கு மறுபக்கம் இல்லாமல் இல்லை. மேல்முறையீட்டை வைத்தே ஒருவர் இன்னொருவரின் ஆயுளைத் தின்னலாம், நான் கண்ணால் பார்த்தேன். இத்தகைய சட்டங்களுக்கு முன்னோடி இங்கிலாந்தில் 1896இல் வந்தது. அங்கே இப்போதுள்ள 1981ஆம் வருடத்துச் சட்டம், புது வழக்குத் தொடுப்பதைத் தனியாகவும், நடக்கும் வழக்குக்குள் தொல்லை மனுக்கள் போடுவதைத் தனியாகவும் சொல்லி இரண்டையும் கட்டுப்படுத்துகிறது. நம் 1949 சட்டத்தில் அந்தப் பிரிப்பு இல்லை. மகாராஷ்டிரமும் 1971இல் தனக்கென்று ஒரு சட்டம் செய்துகொண்டது. நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் வேண்டும் என்று நீதிபதி எம்.ஜெகந்நாத ராவ் தலைமையிலான சட்ட ஆணையம் 2005இல் தன் 192ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. அப்படி ஒரு மத்தியச் சட்டம் வரவில்லை.

ஆனால் மேல்முறையீடு ஏறுகிற படிக்கட்டுக்கு ஒரு முடிவு இருக்கிறது. மேலே போகப் போக அகலமும் குறைகிறது. முதல் மேல்முறையீட்டில் பொருண்மை, சட்டம் எல்லாவற்றையும் பேசலாம். 1976 திருத்தத்துக்குப் பிறகு இரண்டாம் மேல்முறையீட்டில் முக்கியமான சட்டப் பிரச்சினை இருந்தால் மட்டுமே அனுமதி. அதைத் தனி நீதிபதி முடித்துவிட்டால் உயர் நீதிமன்றத்துக்குள்ளேயே இன்னொரு மேல்முறையீடு கிடையாது, 100ஏ பிரிவு தடுக்கிறது. அதற்கு மேல் உச்ச நீதிமன்றத்தின் சிறப்பு அனுமதிதான். ஒவ்வொன்றுக்கும் காலவரம்பும் உண்டு. அண்ணனின் முதல் வழக்கு இழுத்தது, ஆனால் முடிந்தது. முடியாமல் இருப்பது அண்ணி பெயரிலும் மகன் பெயரிலும் புதிது புதிதாக முளைத்த தாவாக்கள். அவற்றுக்கு உச்சிப்படி இல்லை. பேரன் பெயரில்கூட ஒன்று வரலாம்.

இங்கேதான் 1949 சட்டம் எனக்குக் கைகொடுக்கவில்லை. அது ஓர் ஆளைத்தான் நிறுத்தும். அண்ணன் மீது உத்தரவே வந்தாலும் அண்ணியும் மகனும் வெளியே நிற்பார்கள். ஆளுக்கு ஒரு பிராது என்றால் வழக்கமாகவே தொல்லை கொடுப்பவர் என்று யாரைச் சொல்வது? சட்டத்தைத் திருத்துகிறவர்கள் மேல்முறையீட்டை எண்ணிக்கையில் சேர்ப்பதா என்று யோசிப்பதைவிட, ஒருவர் சொல்லி, ஒருவர் செலவில், ஒரே சொத்தின் மேல் வேறு வேறு பெயரில் வரும் புதுத் தாவாக்களை எப்படி ஒன்றாகப் பார்ப்பது என்று யோசிக்க வேண்டும். என்னைக் கேட்டால் இன்னொன்றையும் அதில் எழுதச் சொல்வேன். தடை உத்தரவுக்கு உள்ளான ஒருவர் மீது வேறு யாராவது வழக்குப் போட்டு, அதில் அவர் தோற்றால், அவர் செய்யும் மேல்முறையீட்டுக்கு முன் அனுமதி தேவையில்லை என்று வெளிப்படையாக இருக்க வேண்டும். அந்த வழக்கை அவர் தொடுக்கவில்லை, அதற்குள் இழுத்து விடப்பட்டவர். அம்மா அப்படித்தான் இழுக்கப்பட்டார். முதல் நீதிமன்றத்தோடு நிறுத்தியிருந்தால் இன்று பாதி மனை அண்ணனுடையது.

பையனின் வழக்கை வேறு வழியில் எதிர்கொண்டோம். பிராதைப் படித்த உடனே தெரிகிற குறை இருந்தால் விசாரணைக்கே போகாமல் அதை நிராகரிக்கச் சொல்லும் 7ஆம் கட்டளை, 11ஆம் விதி. சாமர்த்தியமாக எழுதி வழக்கு மூலம் இருப்பதுபோல் காட்டினால், பொருளறிந்து படித்து முளையிலேயே கிள்ள வேண்டும் என்று கீழ் நீதிமன்றங்களுக்கு 1977இல் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் சொன்ன தீர்ப்பை வக்கீலம்மா எடுத்து வைத்தார். நேராக உயர் நீதிமன்றத்துக்குப் போய் அரசமைப்புச் சட்டத்தின் 227ஆம் பிரிவில் பிராதை ரத்து செய்யச் சொல்லலாமே என்று உறவினர்கள் கேட்டார்கள். அவர் ஒப்பவில்லை. பிராதை நிராகரிக்கும் வேலை அது தாக்கலான நீதிமன்றத்துக்கு உரியது, உயர் நீதிமன்றம் 227ஐக் கொண்டு அதைச் செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் கே.வளர்மதி எதிர் குமரேசன் வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு ஒன்றை ரத்து செய்தே சொல்லியிருக்கிறது. அதற்கு அவர் காட்டிய காரணம் எனக்குப் பிடித்தது. நேராக மேலே போய் அடித்துவிட்டால் எதிராளிக்கு இயல்பாகக் கிடைக்க வேண்டிய ஒரு மேல்முறையீடு பறிபோகிறது என்றார்.

பிராது நிராகரிக்கப்பட்டது. முந்தைய தீர்ப்புகளைத் தானே விவரித்துவிட்டு, அவை ஏன் செல்லாது என்பதற்கு ஒரு காரணமும் சொல்லாமல் இருந்தது அது. ஆனால் பிராதை நிராகரிக்கும் உத்தரவும் சி.பி.சி.யின்படி ஒரு தீர்ப்பாணைதான். தீர்ப்பாணை என்றால் மேல்முறையீடு உண்டு. பையன் போட்டுவிட்டான், 30 நாள் கெடு கழிந்த பிறகு, தாமதத்தை மன்னிக்கச் சொல்லும் மனுவோடு.

அந்த மனுவை எதிர்த்தால் அதற்கே பல வாய்தா ஓடும், அதற்குள் அவர்களும் சோர்ந்துபோகலாம் என்று ஒரு யோசனை வீட்டில் வந்தது. பட்டியல் எழுதிய காலத்து நானாக இருந்தால் உடனே சரி என்றிருப்பேன். தாமதத்தை எதிர்க்க வேண்டாம், மேல்முறையீட்டிலேயே பதில் சொல்வோம் என்று வக்கீலம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்குச் செங்கல்பட்டில் கிடைத்த செவிசாய்ப்பு பையனுக்கும் கிடைக்கட்டும், தோற்றால் முழுதாகக் கேட்கப்பட்டுத் தோற்கட்டும் என்றும் சொன்னேன்.

“எதிர்க்கலேன்னா அப்பீல் சீக்கிரம் நம்பராகும், டீச்சர்” என்றார். “நமக்கும் சீக்கிரம் முடியும். பி.எஃப். லெட்டர், ரெண்டு கோர்ட் தீர்ப்பு, எல்லாத்துக்கும் சர்டிஃபைடு காப்பி எடுத்து வெச்சிடுங்க.”

எடுத்துக் கொடுத்துவிட்டேன்.